வாங்க என்று சொல்லாத இடம்

புதிதாகச் சீட்டாட வருகிறவன் முதலில் பார்க்க வேண்டியது இடத்தை. சீட்டை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். எனக்கு இதை யாரும் சொல்லவில்லை. அலைந்துதான் தெரிந்துகொண்டேன்.

அறுபதுகளின் பாதி. காரைக்குடியில் ஒரு பெரிய வீட்டுக்குக் காவலாக இருந்தேன். சொந்த ஊர் காளையார்கோவில் பக்கம். பெண்டாட்டி பிரசவத்தில் போய்விட்டாள். பிள்ளையும் தங்கவில்லை. நிலத்தைத் தம்பியிடம் விட்டுவிட்டு வந்தேன். அதைப் பற்றி இவ்வளவு போதும்.

வீட்டுக்காரர்கள் பாதிப் பேர் மெட்ராஸில், பாதிப் பேர் மலாயாவில். நடுவில் வானம் பார்த்த முற்றம், வளவு என்பார்கள். அதைச் சுற்றி அண்ணன் தம்பி ஒவ்வொருவருக்கும் ஓர் அறை. ஒவ்வொரு அறைக்கும் ஒரு பூட்டு. சாவி அவரவர் கையில், அவரவர் ஊரில். என்னிடம் இருந்தது வாசல் சாவியும் பின்கட்டுச் சாவியும்தான். வேலை லேசு. கூட்ட வேண்டும். மழை பெய்தால் வளவில் தண்ணீர் தேங்காமல் பார்க்க வேண்டும். பொழுது சாயும்போது விளக்கேற்ற வேண்டும். மற்றதில் முன்னே பின்னே இருந்தாலும் விளக்கு தவறக் கூடாது என்று வீட்டுப் பெரிய ஆச்சி சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள்.

பேச ஆள் கிடையாது. தெரு முழுக்க அப்படித்தான் வீடுகள். காலையில் தண்ணீர் கொண்டுவருகிறவரிடம் இரண்டு வார்த்தை. அத்தோடு சரி. சாயங்காலம் இருமினால் என் குரல் எனக்கே புதுசாக இருக்கும்.

ஒரு தடவை ஜமக்காளங்களை வெயிலில் காயப்போட்டபோது சுருளுக்குள்ளிருந்து ஒரு சீட்டுக்கட்டு விழுந்தது. எப்போதோ கல்யாணத்துக்கு வந்தவர்கள் விட்டுப்போனது. அதில் ஆர்ட்டின் ராணி மட்டும் இல்லை. பழைய கல்யாணப் பத்திரிகையில் அந்த அளவுக்கு ஒரு துண்டு வெட்டிச் சேர்த்துக்கொண்டேன். கலைக்கும்போது அது மட்டும் கையில் மெத்தென்று தட்டுப்படும்.

மூணு சீட்டு ஆடுவதை ஊரில் தள்ளி நின்று பார்த்திருக்கிறேன். ஆளுக்கு மூன்று சீட்டு. மூன்றும் ஒன்றாக இருந்தால் பெரியது. வரிசையாக வந்தால் அதற்கடுத்தது. கையில் இருப்பதைச் சொல்லாமல், இருக்கிறது போலவோ இல்லாதது போலவோ இருந்துகொண்டு பணயம் வைக்க வேண்டும். அவ்வளவுதான் தெரியும். வளவில் உட்கார்ந்து, பூட்டின கதவு ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு கை போடுவேன். பெரியவர் கதவுக்கு ஒன்று. நடுவுள்ளவர் கதவுக்கு ஒன்று. கடைசித் தம்பி கதவுக்கு ஒன்று. எனக்கு ஒன்று. பிறகு எழுந்துபோய் அவரவர் சீட்டை நானே எடுத்துப் பார்த்து அவருக்காக நானே வைப்பேன். எல்லார் கையும் தெரிந்த பிறகு ஆட்டத்தில் என்ன இருக்கிறது. ஆள் வேண்டும் என்று தெரிந்தது.

எங்கே போய் உட்காருவது?

பெரிய மனிதர்களின் கிளப் ஒன்று இருந்தது. ஒரு நாள், ஊருக்கு வந்திருந்த வீட்டுக்காரர் ஒருவருக்கு வாசல் சாவியைக் கொடுக்கப் போனேன். காத்தாடி சுற்றியது. மேசையில் பச்சைத் துணி விரித்திருந்தது. சாவியை வாசலிலேயே வாங்கிக்கொண்டார்கள். அது நமக்கு இல்லை.

லாரி செட்டில் ஆடினார்கள். அங்கே யார் போனாலும் உட்காரலாம், காசு இருந்தால். போய் உட்கார்ந்தேன். புதுசாக ஆடுகிறவனுக்கு வருகிற அதிர்ஷ்டம் எனக்கும் வந்தது. நல்ல சீட்டு வந்தபோதும் ஒன்றும் சொல்லவில்லை, வராதபோதும் ஒன்றும் சொல்லவில்லை. என் சுபாவம் அது. எதிரே இருந்த டிரைவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்தாளு மூஞ்சியில ஈ உக்காந்தாலும் அசையாதுடா."

"கெலிச்சாலும் அதே மூஞ்சி, தோத்தாலும் அதே மூஞ்சி. ஏங்க, ஒரு சிரிப்பாச்சும் சிரிங்களேன்" என்றார் பக்கத்தில் இருந்தவர்.

சிரிக்க வரவில்லை. ஆட்டம் முடிந்து எழுந்தபோது ஜெயித்த காசை எடுக்காமல் பாயிலேயே விட்டுவிட்டேன். நான் அதற்கா வந்தேன். அது இன்னும் தப்பாகப் போய்விட்டது.

"என்னவே, பிச்சை போட்டுட்டுப் போறீரா?" என்றார் டிரைவர். "பொணத்தோட உக்காந்து ஆடுன மாதிரி இருக்கு. நாளைக்கு வந்துறாதீரும்."

போகவில்லை.

பிறகு சலூன். மத்தியானம் கூட்டம் இல்லாதபோது நான்கு பேர் உள்ளே ஆடுவார்கள். வருஷக்கணக்காக அதே நான்கு பேர். வெளி பெஞ்சில் உட்கார்ந்து பார்ப்பேன். ஒருவரும் தலையைத் தூக்கிப் பார்த்ததில்லை. ஒரு நாள் ஒருத்தருக்குக் காய்ச்சல், வரவில்லை. மூன்று பேர் இருந்தார்கள். நான் பெஞ்சிலிருந்து பாதி எழுந்தேன். அவர்கள் மூன்று கை போட்டுக்கொண்டு ஆட ஆரம்பித்தார்கள். பாதி எழுந்தவன் அப்படியே முழுசாக எழுந்து வீட்டுக்கு வந்துவிட்டேன்.

டீக்கடைக்காரர் இதையெல்லாம் கவனித்திருக்கிறார். ஒரு நாள் கிளாஸைக் கொடுத்துக்கொண்டே சொன்னார்.

"அண்ணே, சீட்டு ஆடணும்னா கேத வீட்டுக்குப் போங்க."

சாவு வீட்டை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். நான் அவரைப் பார்த்தேன்.

"வெளையாட்டுக்குச் சொல்லல. அங்க ஒருத்தரையும் வாங்கன்னும் சொல்ல மாட்டாக, போங்கன்னும் சொல்ல மாட்டாக. பந்தல்ல பாய் கெடக்கும். உக்காந்தா ஆளு. அம்புட்டுத்தான்."

அந்த வாரமே அடுத்த தெருவில் ஒரு கேதம். மளிகைக் கடைக்காரரின் தகப்பனார். காலையில் போனேன். மகள் வெளியூரிலிருந்து வந்து சேர வேண்டியிருந்தது. அதுவரை தூக்க மாட்டார்கள். வாசலில் கீற்றுப் பந்தல். உள்ளே பெண்கள் அழுகை. பந்தல் ஓரத்துப் பாயில் மூன்று பேர் சீட்டு கலைத்துக்கொண்டிருந்தார்கள். பாய் முனையில் உட்கார்ந்தேன். கலைத்தவர் ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை. நான்கு கை போட்டு ஒன்றை என் பக்கம் தள்ளினார்.

"எனக்கு அவ்வளவா ஆடத் தெரியாது" என்றேன்.

"தெரிஞ்சவரு உள்ள படுத்திருக்காரு. நீங்க பிடிங்க."

செத்தவர்தான் அவர்களுக்கு நாலாவது ஆளாக இருந்தவர். அவருடைய கடையின் பின்னால்தான் இத்தனை நாளும் ஆடியிருக்கிறார்கள். மகனுக்கு அது பிடிக்காது. இனிமேல் கடையில் இடமில்லை என்று மூவருக்கும் தெரியும். நான் செத்தவர் இடத்தில் உட்கார்ந்திருந்தேன்.

சீட்டைத் தள்ளியவர் பந்தல்காரர். சுத்துப்பட்டில் கல்யாணத்துக்கும் கேதத்துக்கும் அவர்தான் பந்தல் போடுவார். இரண்டாமவர் தபால்காரர், வேலை முடிந்து ஓய்வில் இருந்தவர். பணயத்துக்குப் புளியங்கொட்டை அவர் பைக்குள் இருக்கும். கேத வீட்டில் காசு வைத்து ஆடக் கூடாது என்பதில் கறார். மூன்றாமவர் மலாயாவில் ஒரு கடையில் வெகுகாலம் இருந்துவிட்டுத் திரும்பியவர். அவர்தான் பேச்சு.

"சீட்டை இப்படி ஊருக்கே காட்டுறீகளே, தேரா இழுக்குறீக? நெஞ்சோட வச்சுப் பிடிங்கப்பு."

நெஞ்சோடு வைத்தேன்.

"மலாயாவுல தொரைமாரு அஞ்சு சீட்டுல ஆடுவாக. போக்கர்னு பேரு. இது அதுக்குத் தம்பி. ரெண்டுலயும் சீட்டு பாதி, மூஞ்சி பாதி." என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "இந்த மூஞ்சி மட்டும் அங்க இருந்திருந்தா தொரை தொப்பியைக் கழட்டி வச்சுட்டுப் போயிருப்பான்."

லாரி செட்டில் வசவாக இருந்தது இங்கே கேலியாக இருந்தது. கேத வீட்டில் யாரும் என்னைச் சிரிக்கச் சொல்லவில்லை. அங்கே என் முகம் சரியான முகம்.

சீட்டு பாயில் விழுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. என் வீட்டுக் கேதத்தில் நான் உள்ளே சுவரில் சாய்ந்து இருந்தபோதும் வாசலில் அந்தச் சத்தம் கேட்டது. அன்றைக்கு அது நின்றுவிடக் கூடாது என்று மட்டும் நினைத்தது ஞாபகம் வந்தது. ஆள் இருக்கிறார்கள் என்று அர்த்தம். அவ்வளவுதான் அதற்கு அர்த்தம்.

மகள் வந்து சேர்ந்தாள். தூக்கினார்கள். சீட்டு பைக்குள் போனது. அவரவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தோம். கேத வீட்டில் போயிட்டு வாரேன் என்று சொல்லக் கூடாது. சொன்னால் திரும்ப ஒரு சாவுக்கு வருவதாக ஆகும். பேசாமல் எழுந்து, திரும்பிப் பார்க்காமல் போய்விட வேண்டும். வீட்டுக்குள் நுழையுமுன் தலைமுழுக வேண்டும். எனக்கு அது தோதாக இருந்தது. வரும்போதும் பேச்சில்லை, போகும்போதும் பேச்சில்லை.

அதிலிருந்து நான் நாலாவது கை. எங்கே கேதம் என்றாலும் முதலில் தெரிவது பந்தல்காரருக்கு. மூங்கில் வண்டி போகிற வழியில் என் வாசலில் நிற்பார்.

"மானகிரியில ஒரு கேதம். வாரீகளா?"

"வாரேன்."

இப்படி இரண்டு மூன்று வருஷம் போயிற்று. யாரும் சாக வேண்டும் என்று நான் நினைத்ததில்லை. ஆனால் தூரத்தில் கொட்டுச் சத்தம் கேட்டால் காது அந்தப் பக்கம் போகும். அதை மறைத்து என்ன ஆகப்போகிறது.

எழுபது பிறந்திருக்கும். பந்தல்காரர் மகளுக்குக் கல்யாணம் வந்தது. மாப்பிள்ளை கீழச்சிவல்பட்டி. பந்தல்காரரும் அவர் வீட்டம்மாவும் என் வாசலுக்கு வந்து, வெற்றிலை பாக்கோடு பத்திரிகை வைத்தார்கள்.

"கட்டாயம் வந்துரணும்ண்ணே. நமக்கு இருக்கதே நீங்க மூணு பேருதான்" என்றார் பந்தல்காரர்.

"எல்லாருக்கும் இதையே சொல்றாக" என்றார் வீட்டம்மா. "ஆனா வந்துருங்க."

காரைக்குடிக்கு வந்தபின் எனக்கு வந்த முதல் பத்திரிகை அது. அதை வெட்டவில்லை.

வேட்டி வெளுத்துக் கட்டிக்கொண்டு போனேன். வாழை மரம், தோரணம். மகள் கல்யாணத்துக்கென்று எல்லா மூங்கிலும் புதுசு. வாசலில் பந்தல்காரர் இரண்டு கையையும் கூப்பி, "வாங்கண்ணே, வாங்க, வாங்க" என்றார். எனக்கு அதற்கு என்ன பதில் சொல்வதென்று வரவில்லை. தலையை ஆட்டினேன்.

தாலி கட்டி, சாப்பாடு முடிந்தது. மத்தியானம் பந்தல் ஓரத்தில் பாய் விழுந்தது. பெண்ணின் தகப்பன் உட்கார முடியாது. தபால்காரர், மலாயாக்காரர், நான். நாலாவது கைக்கு மாப்பிள்ளையின் மாமா ஒருத்தர். தபால்காரர் பையை அவிழ்த்தபோது மலாயாக்காரர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"யோவ், எழவு வீட்டுக் கொட்டைய கல்யாண வீட்டுல எறக்காதீரும். உள்ள கேட்டு வேற வாங்கும்."

"மெதுவாப் பேசும். சம்பந்தி வீட்டாளு இருக்காரு."

உள்ளேயிருந்து புதுக் கொட்டை வந்தது. கொட்டை வரைக்கும் நினைப்பு வைத்திருந்தோம்.

அன்றைக்கு எனக்கு நல்ல ஆட்டம். மூன்று ராஜா ஒரே கையில் வந்தது. மலாயாக்காரர் சீட்டைக் கவிழ்த்துவிட்டு, "கல்யாணத்துக்கு வந்ததுக்காச்சும் பல்லைக் காட்டும்" என்றார். நான் கொஞ்சம் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன். யாரும் பார்க்கவில்லை.

வெயில் பந்தல் காலுக்கு இறங்கியது. விளக்கேற்ற வேண்டிய நேரம். கையில் இருந்த சீட்டைக் கவிழ்த்தேன். எழுந்தேன். துண்டை உதறித் தோளில் போட்டேன். நடந்தேன்.

வீட்டுக்குப் பின்பக்கமாகப் போய், கிணற்றில் இறைத்துத் தலையில் ஊற்றினேன். இரண்டாவது வாளியை ஊற்றும்போது வாயில் சந்தனம் கசந்தது. கல்யாண வீட்டில் நெற்றியில் வைத்த சந்தனம்.

வாளியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

கல்யாண வீட்டில் ஒருவரிடமும் சொல்லாமல், திரும்பிப் பார்க்காமல் எழுந்து வந்திருக்கிறேன். வந்து தலைமுழுகிக்கொண்டிருக்கிறேன். எல்லாம் கேதத்துக்குச் செய்கிற மாதிரி. கை காலுக்கு அது ஒன்றுதான் தெரிந்திருந்தது.

உடனே திரும்பிப் போயிருக்கலாம். ஈரத்தலையோடு கல்யாண வீட்டுக்குப் போனால் அது அதைவிடக் கேடு. விளக்கை ஏற்றினேன்.

மறுநாள் தபால்காரர் வந்தார். அவர் எப்போதும் சேதியை நின்றபடியே சொல்வார்.

"மாப்பிள்ளையோட மாமா பந்தல்லயே கேட்டுப்புட்டாரு. என்ன இவரு, எழவு வீட்டுல எந்திரிச்சுப் போற மாதிரி போறாருன்னு. பொம்பளைகளுக்குக் கேட்டுருச்சு. பந்தல்காரரு வீட்டம்மா அடுப்படியில உக்காந்து அழுதுச்சு."

"அவரு?"

"ஒண்ணும் சொல்லல. சொல்லாததுதான் பெருசு."

தலைமுழுகியதை நான் அவரிடம் சொல்லவில்லை.

மூங்கில் வண்டி அதன் பிறகு என் தெரு வழியாகப் போகவில்லை. வேறு தெருவில் சத்தம் மட்டும் கேட்கும். கொட்டுச் சத்தம் கேட்டாலும் நான் போகவில்லை. கேத வீட்டில் போகச் சொல்ல மாட்டார்கள், சீட்டும் போடுவார்கள். அதனால்தான் போகவில்லை. தள்ள முடியாதவர்கள் முன்னால் போய் உட்காருவது சரியில்லை.

சீட்டை எடுத்து வளவில் கதவுகளுக்கு முன்னால் போட்டுப் பார்த்தேன். முன்பு அது பொழுதுபோக்காக இருந்தது. இப்போது அதுவும் ஆகவில்லை. சீட்டைக் கட்டி, கட்டிலுக்கு அடியில் வைத்துவிட்டேன்.

ஆனால் என்னைப் பிடித்துக்கொண்டிருந்தது சீட்டு இல்லை. அந்தப் பெண். எனக்குச் சகுனத்தில் பெரிய நம்பிக்கை கிடையாது. இருந்தாலும் நான் எழுந்து வந்த விதத்தால் பந்தல்காரர் மகளுக்கு ஒன்று ஆகிவிட்டால் என்ற நினைப்பு ராத்திரியில் வரும். உண்டாகியிருக்கிறாள் என்று தபால்காரர் சொன்னபோது அது இன்னும் கூடிப்போனது. பிரசவம் என்றால் எனக்கு வேறு எதுவும் தெரியாது. ஒன்றுதான் தெரியும். தபால்காரரை எங்கே பார்த்தாலும் கேட்பேன்.

"அந்தப் புள்ளை நல்லா இருக்கா?"

"இருக்கு. மசக்கையாம்."

இன்னொரு நாள், "நல்லா இருக்கா?"

"இருக்குங்கறேன்ல. பெத்த தகப்பன்கூட இப்படிக் கேக்கலய்யா."

தலைப் பிரசவத்துக்குத் தாய்வீடு வந்தாள். ஆண் பிள்ளை. இரண்டு உயிரும் நலம். தபால்காரர் சொல்லிவிட்டுப் போனபின் நான் வளவில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். தீட்டுக் கழியும்வரை பொறுத்தேன். ஒரு நாள் காலையில் சட்டை போட்டுக்கொண்டு பந்தல்காரர் வீட்டுக்குப் போனேன்.

வாசலில் அவர் மூங்கில் பிளந்துகொண்டிருந்தார். பார்த்தார். அரிவாள் நிற்கவில்லை. வாங்க என்று சொல்லவில்லை. வீட்டம்மா நிலைப்படியில் வந்து நின்றார்கள். அவர்களும் சொல்லவில்லை.

வழியெல்லாம் என்னென்னவோ யோசித்து வைத்திருந்தேன். வந்தது ஒன்றுதான்.

"போயிட்டு வாரேன்" என்றேன்.

அரிவாள் நின்றது.

"எங்குட்டுப் போறீக? இப்பத்தான வந்து நிக்கிறீக."

"இது அன்னைக்குச் சொல்ல வேண்டியது."

அவர் வீட்டம்மாவைப் பார்த்தார். அவர்கள் வேறு பக்கம் பார்த்தார்கள். பாதி சொல்லிவிட்டுப் பாதியை வைத்துக்கொண்டு போகக் கூடாது என்று தோன்றியது. அதையும் சொன்னேன்.

"வீட்டுக்குப் போயி தலையும் முழுகிட்டேன். வாயில சந்தனம் வந்தப்பத்தான் தெரிஞ்சுச்சு."

அவர் அரிவாளைக் கீழே வைத்தார். பிறகு உள்ளேயிருந்து சிரிப்பு வந்தது. அந்தப் பெண். அடக்கப் பார்த்து முடியாமல் சிரித்தாள்.

"என் கல்யாணத்துக்குத் தலைமுழுகின ஆளு இவுக ஒருத்தருதாம்மா."

"சும்மா இருடி. பச்ச உடம்பு, சிரிக்காத."

"நானும் நல்லாத்தான் இருக்கேன், பிள்ளையும் நல்லாத்தான் இருக்கான். அவுகளை உள்ள வரச் சொல்லும்மா."

வீட்டம்மா சிரிக்கவில்லை. ஆனால் நிலையை விட்டு நகர்ந்து நின்றார்கள். "வாங்க" என்றார்கள். சத்தமில்லாமல்தான் வந்தது. இந்தத் தடவை எனக்குப் பதில் தெரிந்தது. "வாரேன்" என்று சொல்லி உள்ளே போனேன். பிள்ளையைத் தூரத்திலிருந்து பார்த்தேன். கையை நீட்டவில்லை. காப்பி கொடுத்தார்கள். குடித்துவிட்டு எழுந்து, அவரிடம் ஒரு தடவை, வீட்டம்மாவிடம் ஒரு தடவை, உள் அறைப் பக்கம் திரும்பி அந்தப் பெண்ணுக்கும் ஒரு தடவை போயிட்டு வாரேன் என்று சொன்னேன்.

"போதும்ண்ணே, போயிட்டு வாங்க" என்றார் பந்தல்காரர்.

மழைக்காலம் முடிகிற சமயம் மூங்கில் வண்டி என் வாசலில் நின்றது.

"செக்கடிப் பக்கம் ஒரு கேதம். வாரீகளா?"

போனேன். பாய் அதே பாய். தபால்காரர் பையிலிருந்து பழைய கொட்டையை எடுத்தார். மலாயாக்காரர் என்னைப் பார்த்துவிட்டு, "கெளம்புறப்போ என்ன செய்யணும்னு ஞாபகம் இருக்கா? இது எந்த வீடு?" என்றார்.

"சீட்டைப் போடும்" என்றேன்.

தூக்கினார்கள். எழுந்தோம். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. மற்ற இருவரும் தங்கள் தெருவுக்குத் திரும்பிவிட்டார்கள். நானும் பந்தல்காரரும் கேத வீட்டுத் தெருவைத் தாண்டி, கடைகளையும் தாண்டி, வழி பிரிகிற இடம் வரைக்கும் பேசாமல் நடந்தோம். அங்கே அவர் நின்றார். திரும்பிப் பார்த்தார். கேத வீடு கண்ணுக்குத் தெரியவில்லை.

"அப்ப நான் போயிட்டு வாரேன்" என்றார்.

"வாங்க" என்றேன்.

அவர் அங்குட்டுப் போனார். நான் இங்குட்டு வந்தேன். தலைமுழுகி, விளக்கேற்றினேன்.